அருகருகே இரண்டு படங்கள்

நிலவின் தென்துருவத்தை ஒட்டிய நிலப்பரப்பின் கறுப்பு வெள்ளைப் படம் அது. ஒரு பிக்சல் என்பது தரையில் 1.3 மீட்டர். சூரியன் அடிவானத்துக்கு மேலே ஆறு பாகைதான் ஏறியிருந்தது. சிறு மேட்டுக்கும் நெடிய நிழல், பள்ளமெல்லாம் இருட்டு. அந்த இருட்டுக்கும் சாம்பல் நிறத்துக்கும் நடுவே ஒரே ஒரு பிக்சல் அக்கம்பக்கத்தைவிட வெளுத்திருந்தது. அதே இடத்தை முன்பு எடுத்த படத்தில் அந்த வெளுப்பு இல்லை. இரண்டையும் அருகருகே வைத்து அந்த ஒரு பிக்சலைக் கண்டுகொண்டவர் சண்முக சுப்பிரமணியன். சென்னையில் வேலைபார்த்த பொறியாளர், ஆப் எழுதுபவர், அப்போது வயது 33.

2019 செப்டம்பர் 7, விடிவதற்கு வெகுநேரம் முன்பு, சந்திரயான்-2 சுமந்து சென்ற விக்ரம் லேண்டர் கடைசி நிமிடங்களில் பேச்சை நிறுத்தியது. நாடே விழித்திருந்து பார்த்த இரவு அது. பத்து நாள் கழித்து, 17-ஆம் தேதி, நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் அந்தப் பகுதியைப் படமெடுத்தது. 26-ஆம் தேதி படத்தைப் பொதுவில் வைத்தார்கள். லேண்டர் கண்ணில் படவில்லை என்றார்கள். சண்முக சுப்பிரமணியன் இரண்டு லேப்டாப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒன்றில் பழைய படம், மற்றதில் புதிய படம். மணிக்கணக்கில் உட்கார்ந்து தேடினார். அக்டோபர் 3 அன்று தான் கண்டதை வெளியே சொன்னார், நாசாவுக்கும் எழுதினார். அவர்கள் அக்டோபர் 14, 15 தேதிகளிலும் நவம்பர் 11 அன்றும் மறுபடி படமெடுத்தார்கள். நவம்பர் படத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. மோதிய குழி, தெறித்த மண், கிலோமீட்டர் கணக்கில் சிதறிய துண்டுகள் எல்லாம் அதில் தெரிந்தன. டிசம்பர் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. முதல் படத்தில் அவர் காட்டிய துண்டு, மோதிய இடத்துக்கு வடமேற்கே சுமார் 750 மீட்டர் தள்ளிக் கிடந்தது. வெளியிட்ட படத்தில் சிதறல்களைப் பச்சைப் புள்ளிகளாலும், மண் கலைந்த இடங்களை நீலப் புள்ளிகளாலும் குறித்தவர்கள், அவர் கண்ட துண்டுக்கு மட்டும் 'எஸ்' என்று ஓர் எழுத்தைப் போட்டார்கள்.

ஊரே அவரைப் பாராட்டியது, நியாயமான பாராட்டு. எனக்கு அந்தப் பாராட்டைவிட அவர் செய்த வேலைதான் மனதில் நின்றது. அவரிடம் தொலைநோக்கி இல்லை, யாரிடமும் இல்லாத தரவும் இல்லை. படங்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி கிடந்தன. முன்பு இருந்ததையும் இப்போது இருப்பதையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்து, எங்கே மாறியிருக்கிறது என்று பார்த்தார். மென்பொருள் வேலையில் இருக்கும் எங்களுக்கு இது அன்றாடப் பிழைப்பு. டிஃப் பார்ப்பது என்போம். பழைய கோட் இடது பக்கம், புதிய கோட் வலது பக்கம், போனது சிவப்பில், வந்தது பச்சையில். நாள் முழுக்க இதைச் செய்கிறவர்களுக்கு எங்கள் தொழிலில் மரியாதை குறைவு. எழுதுகிறவனுக்குத்தான் பெயர். விண்வெளிப் பயணத்தின் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், அந்தப் பயணங்களைத் தாங்கி நிற்பது எழுதுகிறவனின் கையைவிட, பார்க்கிறவனின் கண் என்று தெரிகிறது. இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்துவிட்டு நான் உறுதியாக நம்பும் ஒரு விஷயம் இது.

தி.நகரில் பனகல் பூங்காவை ஒட்டிய ஒரு மாடியறையில் கோபால் (COBOL) என்ற கணினி மொழி படித்தேன். 2000 பிறக்கப் போகிறது என்று உலகமே பதறிக்கொண்டிருந்த காலம். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய புரோகிராம்களைத் திருத்த ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்களைத் தயாரித்தது இப்படிப்பட்ட மாடியறைகள். கம்ப்யூட்டர்கள் குறைவு, மாணவர்கள் அதிகம். அதனால் வாத்தியார் முதலில் 'டிரை ரன்' போடச் சொல்வார். நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, புரோகிராமின் வரிகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டி, மதிப்பு மாறும்போதெல்லாம் பழையதை அடித்துப் புதியதை எழுத வேண்டும். பிறகுதான் மெஷின். மெஷின் தந்த விடைகளை அவர் சிவப்புப் பேனாவால் எங்கள் பத்திக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வருவார். இரண்டும் முதன்முதலாகப் பிரியும் வரிக்குக் கீழே ஒரு கோடு. "இதுக்கு மேல பாருங்கப்பா. தப்பு எப்பவும் மேலதான் இருக்கும், வெளிய தெரியறதுதான் கீழ" என்பார். அந்த அறையில் கற்ற மொழியை இன்று நான் தொடுவதில்லை. அந்தச் சிவப்புக் கோட்டை ஒரு நாளும் விட்டதில்லை.

பின்னால், தரமணிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் வட்டி கணக்கிடும் மென்பொருள் ஒன்றில் வேலை. எங்கள் டீமில் டெஸ்டிங் பார்த்தவர் மந்தைவெளியிலிருந்து வருகிறவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு ரிலீஸுக்கு முந்தைய நாள், பழைய மென்பொருள் தந்த நாள் கணக்கையும் புதியது தந்ததையும் எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான வரிகள் ஒத்துப்போயின. கடைசி மொத்தத்தில் ஒரு பைசா இடித்தது.

"ஒரு பைசாதானேக்கா, அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

"ஒரு பைசாங்கறது பிரச்சினை இல்ல. எங்கேருந்து வருதுன்னு தெரியல பாருங்க, அதுதான். அது தெரியற வரைக்கும் நான் சைன்ஆஃப் தரமாட்டேன்."

இரவு பத்து மணிக்கு மேல் தெரிந்தது. ஒரே ஓர் இடத்தில் பணத்தைத் தசமமாக வைக்காமல் ஃப்ளோட்டாக வைத்திருந்தார்கள். நமக்கு 0.1 என்பது முழுமையான எண். இரும எண்களில் அது முடிவில்லாமல் நீளும் பின்னம், கணினி அதை எங்காவது ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டும் துணுக்கு ஒரு தடவைக்கு ஒன்றுமே இல்லை. கூட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் பைசாவாகும், பிறகு ரூபாயாகும். ரிலீஸ் இரண்டு நாள் தள்ளிப்போனது. அந்த வருடத்து அப்ரைசலில் அவருக்கு அதற்காக எதுவும் கிடைக்கவில்லை.

இதே 0.1 வளைகுடாப் போரில் உயிர்களைக் குடித்திருக்கிறது. பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது, அந்த எண்ணிக்கையை விநாடியாக மாற்றும்போது 24 பிட்டுக்குள் வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கியது. அமைப்பை நிறுத்தாமல் சுமார் 100 மணி நேரம் ஓட்டியதில் பிழை விநாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்ந்தது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் வானத்தின் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. 28 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். பிழை அதற்கு முன்பே தெரிந்து, திருத்திய மென்பொருளும் எழுதி அனுப்பியாகிவிட்டது. அது தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

விக்ரமுக்கு நேர்ந்ததும் பிழை சேர்ந்த கதைதான். 2019-இல் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தத் திரை நினைவிருக்கும். லேண்டர் போக வேண்டிய பாதை சிவப்புக் கோடு, உண்மையில் போகும் பாதை பச்சை. முப்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து இரண்டும் ஒன்றாகவே இறங்கிவந்தன. விநாடிக்கு 1683 மீட்டராக இருந்த வேகம், 7.4 கிலோமீட்டர் உயரத்துக்கு வரும்போது 146 மீட்டராகக் குறைந்திருந்தது. அதுவரை எல்லாம் திட்டப்படி. பிறகு பச்சை மெல்லச் சிவப்பை விட்டு விலகியது. பெங்களூர் கட்டுப்பாட்டு அறையில் யாரும் பேசவில்லை. கோட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. வாத்தியாரின் பேனா அந்த இடத்தில் நின்றிருக்கும்.

என்ன நடந்தது என்பதை 2023 ஜூலையில், சந்திரயான்-3 கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விரிவாகச் சொன்னார். வேகத்தைக் குறைக்க வேண்டிய ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன. நடுவில் ஒரு கட்டத்தில், கீழே உள்ள நிலத்தைப் படமெடுப்பதற்காகக் கலம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த நேரம் முழுக்கப் பிழைகள் திருத்தப்படாமல் சேர்ந்தன. அந்தக் கட்டம் முடிந்ததும் கலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சரிசெய்யப் பார்த்தது, வேகவேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. இவ்வளவு வேகமாகத் திரும்ப நேரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை, ஆகவே மென்பொருள் அதற்கு ஒரு வரம்பு வைத்திருந்தது. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் சதுரம். எப்படியாவது அங்கே போய்ச் சேர வேண்டும் என்று கலம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே தரையை நெருங்கியது.

இந்த விளக்கத்தை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். இதில் எந்த வரியும் தப்பாக எழுதப்பட்ட வரி இல்லை. ஒவ்வொன்றும் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்தது. படமெடுக்கும் கோட் கலத்தை ஆடாமல் வைத்தது, வரம்பு வைத்த கோட் வரம்பைக் காத்தது, இடத்தைத் தேடிய கோட் இடத்தைத் தேடியது. மூன்றும் சேர்ந்த இடத்தில் விபத்து. தனித்தனியாக ஒழுங்காக இருக்கும் பகுதிகளைச் சேர்த்துவைத்துப் பார்க்கும் கண்ணும் நேரமும் எங்கே குறைகிறதோ அங்கேதான் மென்பொருள் விழும் என்பது இத்தனை வருட அனுபவத்தில் நான் கண்டது.

அடுத்த முறை இஸ்ரோவினர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. எது சரியாக நடக்கும் என்று தொடங்காமல், எதெல்லாம் தவறிப்போகலாம் என்று தொடங்கி வடிவமைத்ததாகச் சோமநாத் சொன்னார். சென்சார் பழுதானால்? எஞ்சின் குறைவாகத் தள்ளினால், கூடுதலாகத் தள்ளினால்? கணக்கு தப்பினால்? ஐந்து எஞ்சின் நான்கானது. இறங்கும் இடம் சுமார் 4 கிலோமீட்டர் நீளம், 2.5 கிலோமீட்டர் அகலம் என்று விரிந்தது. எரிபொருள் கூடியது, கால்கள் இன்னும் வேகமான மோதலைத் தாங்கும்படி ஆயின. தரையைப் பார்த்து நேரடியாகத் திசைவேகத்தை அளக்கும் லேசர் கருவி ஒன்றும் சேர்ந்தது. கலம் தன் கணக்கை மட்டும் நம்பாமல், கணக்கையும் கண்ணால் கண்டதையும் ஒப்பிட்டுக்கொள்ள இன்னொரு வழி. திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்குக் கலம் தரையைத் தொட்டபோது எங்கள் அலுவலக கேன்டீனில் சமையல்காரர்கள் உட்பட அத்தனை பேரும் டிவி முன்னால் நின்றிருந்தோம். எல்லோரும் கத்தினார்கள். நான் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கை வானத்தோடு ஒப்பிடும் இந்த வேலைக்கு நம் ஊரில் நெடிய பாரம்பரியம் உண்டு. மயிலாப்பூரில் மாட வீதிக் கடைகளில் சித்திரைக்கு முன்பே பஞ்சாங்கங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். வாக்கியம் ஒரு பக்கம், திருக்கணிதம் ஒரு பக்கம். வாங்குகிறவர்கள் தத்தம் வீட்டு வழக்கப்படி வாங்கிப் போகிறார்கள். என் தொழிலில் இருப்பவனுக்கு அவை இரண்டும் இரண்டு வகை மென்பொருள்.

வாக்கிய முறையின் அழகு சொல்லி மாளாது. நிலவு பூமிக்கு மிக அருகில் வருவதிலிருந்து மறுபடி அருகில் வருவதற்குச் சுமார் 27.55 நாள். அப்படி ஒன்பது சுற்று என்றால் கிட்டத்தட்ட சரியாக 248 நாள். எனவே 248 நாளுக்கும் நிலவின் நிலையைக் கணித்து, ஒவ்வொன்றையும் எழுத்துக்கு எண் வைக்கும் கடபயாதி முறையில் ஒரு சிறு வாக்கியமாக்கி மனப்பாடம் செய்துவிட்டால், பிறகு கணக்கே வேண்டாம், எத்தனையாவது நாள் என்று பார்த்து வாக்கியத்தைச் சொன்னால் போதும். நாங்கள் லுக்கப் டேபிள் என்று சொல்வதுதான். 'கிட்டத்தட்ட' என்பதில் இருக்கும் சொச்சமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே 110 சுற்றுக்கு 3031 நாள், 449 சுற்றுக்கு 12,372 நாள் என்று இன்னும் பெரிய சுழற்சிகளை வைத்துச் சொச்சத்தைக் கழித்தார்கள். பிழை சேரும் என்று தெரிந்து, அதற்குத் திருத்தத்தையும் முறைக்குள்ளேயே வைத்த அறிவு அது. 1825 வாக்கில் ஜான் வாரன் என்பவர், முன்பு சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர், புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதரைச் சந்தித்தார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, எழுதிவைத்த எதையும் பாராமல், மனதில் இருந்த வாய்பாட்டைக்கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் பதிவுசெய்திருக்கிறார்.

ஆனால் எந்த அட்டவணையும் அது எழுதப்பட்ட நாளின் வானத்தைத்தான் அறியும். 2025 மார்ச் 29 அன்று திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே 2026-இல்தான் பெயர்ச்சி என்று அறிவித்தார்கள். ஒரே சனி, இரண்டு கணக்குக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு வருடம்.

இந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்து அளந்தவர் ஒருவர் நுங்கம்பாக்கத்தில் இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி, சென்னை வானாய்வகத்தின் உதவியாளர். நார்மன் போக்சன் அரசு வானியலாளராக இருந்த காலத்தில், இரவுகளில் கருவியருகே நின்று நட்சத்திரங்கள் உச்சியைக் கடக்கும் நேரங்களைக் குறித்தவர். நட்சத்திர அட்டவணைக்காக ஒரே நட்சத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து முன்பதிவோடு ஒப்பிடும் வேலை. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் 1867-இல் ஒரு நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கண்டார். இன்று ஆர் ரெட்டிகுலி என்று அதற்குப் பெயர். 1872-இல் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டியின் உறுப்பினரானார், இந்தியர்களில் அவர்தான் முதலாமவர். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, நம் மக்கள் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று இந்திய மொழிகளில் நூல் வெளியிட்டார். பழைய கணக்கு வானத்திலிருந்து விலகிவிட்டது, கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வேண்டும் என்று வாதாடி, தானே திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். பஞ்சாங்கத்தின் மேல் பக்தி உள்ளவர் என்பதால்தான் அதைத் திருத்தப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பழைய கோட்-ஐ மதிக்கிறவன் அதைச் சோதிக்காமல் விடமாட்டான்.

வானாய்வகம் 1899-இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், 1792 என்ற ஆண்டோடும் தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டோடும், கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கம் போகிற இளம் பொறியாளர்களிடம் அதைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இன்றைய வேலைக்கு வருகிறேன். கோட் எழுதுவது சுலபமாகிவிட்டது. என்ன வேண்டும் என்று சொன்னால் இயந்திரமே முந்நூறு வரி எழுதித் தருகிறது. அது நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் எழுதும் நேரம் குறைந்த அளவுக்கு வாசிக்கும் நேரம் கூட வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. "அதான் சீக்கிரம் எழுதியாச்சே" என்று ரிலீஸ் தேதியை முன்னுக்கு இழுக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் டெஸ்டிங் டீமையே கலைத்துவிட்டார்கள். மந்தைவெளி அக்கா இப்போது வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறார். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு டிரை ரன் என்றால் என்னவென்று தெரியவில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை, உட்காரவைத்துக் காட்ட யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை. அமெரிக்க நேரத்துக்கு இரவு பதினொரு மணிக்குக் கான்ஃபரன்ஸ் கால், காலையில் ஸ்டாண்டப், நடுவில் டிக்கெட் மேல் டிக்கெட். திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்கும் வரை எதிரில் இருக்கும் பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கிறேன். கண் சோர்ந்தவன் இரண்டு படங்களை ஒப்பிட முடியாது. இது அவர்கள் உடம்பைப் பற்றிய கவலை மட்டும் இல்லை, அவர்கள் எழுதும் மென்பொருளை நம்பி மருத்துவமனையிலும் வங்கியிலும் நிற்கப்போகிறவர்களைப் பற்றிய கவலையும்.

நேரம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வாயேஜர்-1 இருக்கிறது. 1977-இல் கிளம்பிய கலம். 2023 நவம்பரில் அது அனுப்பும் தகவல் அர்த்தமற்ற எண்வரிசையாகிவிட்டது. பூமியிலிருந்து 2400 கோடி கிலோமீட்டர், ஒரு கட்டளை போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர இன்னொரு 22. கோட்-ஐ எழுதியவர்களில் பலர் உயிரோடில்லை. பொறியாளர்கள் மாதக்கணக்கில் பொறுத்திருந்து, 2024 மார்ச்சில் ஒரு கணினியின் முழு நினைவகப் பதிவை வாங்கினார்கள். பழுதாகும் முன் வந்திருந்த பதிவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்கள். எது மாறியிருக்கிறது? நினைவகத்தில் சுமார் மூன்று சதவீதம், ஒற்றை சிப் ஒன்று கெட்டுப்போயிருந்தது. அதில் இருந்த கோட் முழுசாகப் போய் உட்காரும் அளவுக்கு வேறெங்கும் இடமில்லை. துண்டு துண்டாகப் பிரித்து, காலியாக இருந்த மூலைகளில் வைத்து, ஒன்றையொன்று கூப்பிடும் முகவரிகளையெல்லாம் மாற்றி எழுதினார்கள். ஏப்ரல் 18 அன்று அனுப்பிய திருத்தத்துக்கு 20-ஆம் தேதி பதில் வந்தது. அந்த ஐந்து மாதங்களில் யாரும் அவர்களிடம் ஸ்பிரின்ட் முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்க முடியாது.

நேரம் கேட்பதற்கு மேலே இன்னொன்று இருக்கிறது, நிறுத்து என்று சொல்வது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்எல்வி-3 முதன்முதலாகக் கிளம்பிய கதையைக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ராக்கெட் கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர் முன்னால் பொறுப்பைத் தான் ஏற்றார், அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார். பள்ளிப் பிள்ளைகள்வரை எல்லோருக்கும் தெரிந்த கதை. நல்ல தலைவருக்கு உதாரணமாக அதைச் சொல்கிறார்கள், சரிதான். நான் அதற்குச் சற்று முந்தைய கணத்தையே நினைத்துக்கொண்டிருப்பேன். ஏவுவதற்குச் சற்று முன்பு கணினி சரிபார்ப்புப் பட்டியலில் ஏதோ சரியில்லை என்று எண்ணிக்கையை நிறுத்தியது. வல்லுநர்கள் கூடிப் பேசினார்கள், கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு, ஆனால் போதுமான எரிபொருள் கையிருப்பில் இருக்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். கணினியை மீறி ஏவ முடிவானது. முதல் அடுக்கு நன்றாக எரிந்தது, இரண்டாவதில் கட்டுப்பாடு போனது. பல வருட உழைப்பு, நாட்டின் எதிர்பார்ப்பு, கிளம்பத் தயாராக நிற்கும் ராக்கெட் இவற்றுக்கு எதிரே ஒரு சிவப்பு விளக்கு. எந்த அலுவலகத்திலும் எந்த ரிலீஸ் இரவிலும் இதன் சிறு வடிவம் நடக்கிறது. விளக்கு பக்கம் நிற்பது எத்தனை கஷ்டம் என்று ஒரு பைசாவுக்காக நின்றவரைப் பார்த்தவன் நான்.

நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து அதே ஸ்ரீஹரிகோட்டா. 2023 அக்டோபர் 21, மனிதர்களை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் முதல் பெரிய பரிசோதனைப் பயணம். ராக்கெட் பாதியில் பழுதானால் உள்ளே இருக்கும் மனிதர்களைப் பிடுங்கிக்கொண்டு தப்பிக்கவைக்கும் அமைப்பைச் சோதிப்பதற்காக, ஆளில்லாமல் ஏவும் திட்டம். கிளம்ப ஐந்து விநாடி இருக்கும்போது கணினி நிறுத்தியது. நாடு முழுக்க நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை யாரும் மீறவில்லை. கண்காணிப்பு அமைப்பில் என்ன கோளாறு என்று பார்த்து, சரிசெய்து, பத்து மணிக்கு ஏவினார்கள். தப்பிக்கும் அமைப்பு வேலைசெய்தது, கூண்டு பாராசூட்டில் இறங்கி வங்காள விரிகுடாவில் மிதந்தது, கடற்படை எடுத்துவந்தது. அடையாறு ஐஐடி வளாகத்தில் பிறந்த அக்னிகுல் நிறுவனமும் 2024-இல் தன் முதல் ராக்கெட்டை நான்கு முறை நிறுத்தி, மே 30 காலை ஐந்தாவது முறைதான் விட்டது. இருபது முப்பது வயதுப் பிள்ளைகள், முதலீட்டாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான்கு முறை இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ககன்யானுக்குத் தேர்வான நால்வரில் ஒருவர் அஜித் கிருஷ்ணன், சென்னையில் பிறந்தவர். 2018-இல் அறிவித்தபோது 2022-க்குள் மனிதர்கள் போவார்கள் என்றார்கள். பிறகு தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. செய்தி வரும்போதெல்லாம் வீட்டில் சலித்துக்கொள்கிறார்கள், டீயோடு பேப்பர் படிக்கிற எதிர்வீட்டு மாமாவும் "இன்னும் எத்தனை வருஷம்ப்பா இழுப்பாங்க?" என்று என்னைக் கேட்கிறார், நான்தான் இஸ்ரோ மாதிரி. எங்கேயோ ஒரு மேசையில் ஒருவர் இரண்டு பதிவுகளை அருகருகே வைத்து ஒத்துப்போகாத ஒரு வரியில் நின்றிருக்கிறார், அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். "எவ்வளவு வேணுமோ அவ்வளவு எடுத்துக்கட்டும் மாமா" என்றுதான் ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்கிறேன்.